யோசனை கேட்டால் பதிலும் சொல்ல வேண்டும்

ஆட்கள் கூடக்கூட நிறுவனத்தில் புது யோசனைகள் ஏன் குறைகின்றன, பெரிதாக யோசிப்பவர்களை எப்படித் தக்கவைப்பது என்று வாசகர்கள் பலர் கேட்டிருந்தார்கள். அவற்றில் சில கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: நாங்கள் 12 பேராக இருந்தபோது தினம் யாராவது ஒரு புது யோசனையோடு வருவார்கள். இப்போது 60 பேர். யோசனைப் பெட்டி வைத்தோம். முதல் மாதம் நிரம்பி வழிந்தது, நான்காவது மாதம் காலி. ஆட்களுக்கு ஆர்வம் விட்டுப்போய்விட்டதா?
– சிறு உற்பத்தி நிறுவன உரிமையாளர்

பதில்: ஆர்வம் எங்கேயும் போகவில்லை. போட்ட சீட்டு என்ன ஆனது என்று தெரியாததால் போடுவதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். 12 பேராக இருந்தபோது ஒருவருக்கு ஏதாவது தோன்றினால் நேராக உங்கள் மேசைக்கு வந்திருப்பார். நீங்களும் நின்ற இடத்திலேயே சரி அல்லது வேண்டாம் என்று சொல்லியிருப்பீர்கள். 12 பேருக்குள் இருவர் இருவராகப் பேச 66 ஜோடிகள்தான் உண்டு. 60 பேரில் அது 1,770 ஆகிவிடுகிறது. அந்தப் பழைய பேச்சுக்குப் பதிலாகத்தான் பெட்டியை வைத்தீர்கள், ஆனால் பெட்டி வாங்கிக்கொள்ளுமே தவிர, பதில் பேசாது.

டொயோட்டா 1951-ல் ஊழியர் யோசனைத் திட்டத்தைத் தொடங்கி இன்னும் நடத்திவருகிறது. அது நீடிப்பதற்குக் காரணம், சின்னச் சின்ன யோசனைகளுக்கும் மதிப்பு கொடுத்து, அதைத் தந்தவருக்குச் சீக்கிரம் பதில் சொல்வது. உங்களுக்கும் அதுவே வழி.

முதலில் பழைய சீட்டுகளை எடுத்து இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுங்கள். இதைச் செய்யாமல் புதுத் திட்டம் அறிவித்தால் யாரும் நம்ப மாட்டார்கள். பிறகு சீட்டின் வடிவத்தை மாற்றுங்கள். மூன்று வரிகள் போதும்: எது தடையாக இருக்கிறது, அதனால் எவ்வளவு இழப்பு, இரண்டு வாரத்துக்குள் எப்படிச் சோதித்துப் பார்க்கலாம். ‘அனுப்பும் பிரிவை மேம்படுத்த வேண்டும்’ என்று ஒரு சீட்டு வந்தால் அதை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது. அதே ஆள் இப்படி எழுதினால்? ‘லேபிள் அச்சிடும் இயந்திரம் கதவருகே இருக்கிறது. பெட்டி கட்டும் மேசை மறுகோடியில். ஒவ்வொரு பெட்டிக்கும் எழுந்து போய்வர 40 நொடி, ஒரு நாளைக்கு 90 பெட்டி. மொத்தம் ஒரு மணி நேரம் நடையிலேயே போகிறது. நீளமான கேபிள் ஒன்று கொடுத்தால் இரண்டு வாரம் மேசை மேலேயே வைத்துப் பார்க்கிறேன்.’ இதற்குச் சரி என்று சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகாது. முதல் வகைச் சீட்டு வந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். மேற்பார்வையாளர் எழுதியவரிடமே போய், எங்கே தடைபடுகிறது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கேட்டால் அது இரண்டாம் வகையாக மாறிவிடும். எழுதத் தயங்குபவர்கள் வாயால் சொல்லட்டும், மேற்பார்வையாளர் எழுதிக்கொள்ளலாம்.

பதிலுக்கு 7 வேலை நாள் கெடு வையுங்கள். பதில்களும் மூன்றே: ‘செய்து பார்’; ‘இப்போது இல்லை’ (காரணமும் மறுபடி எடுத்துப் பார்க்கும் தேதியும் சேர்த்து); ‘வேண்டாம்’ (காரணம் சேர்த்து). வெறும் ‘பார்க்கலாம்’ என்று யாரும் எழுதக் கூடாது. காரணத்தோடு வரும் மறுப்பை ஆட்கள் ஏற்றுக்கொள்வார்கள். பதிலே வராததுதான் அடுத்த யோசனையைச் சொல்லவிடாமல் செய்கிறது. மூன்று பதில்களும் எல்லோர் கண்ணிலும் படும் பலகையில் இருக்கட்டும்.

பதில் சொல்லும் வேலை உங்களுடையது அல்ல, அந்தந்தப் பிரிவின் மேற்பார்வையாளருடையது. அதற்கு அவர் கையில் கொஞ்சம் பணமும் வேண்டும். ஒரு கடைநிலை ஊழியரின் மாதச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு வரை யாரையும் கேட்காமல் செலவழிக்கலாம் என்று வரம்பு வையுங்கள். கேபிளுக்கும் அலமாரிக்கும் கையெழுத்து வேட்டையாட விட்டால் திட்டம் இரண்டே மாதத்தில் படுத்துவிடும்.

இரண்டு கெட்ட பழக்கங்களைத் தொடக்கத்திலேயே தவிர்க்க வேண்டும். ஒன்று, ஆளுக்கு மாதம் இத்தனை சீட்டு என்று கணக்கு விதிப்பது. மாதக் கடைசியில் குப்பை வந்து குவியும். மற்றொன்று, ‘சிறந்த யோசனை’ ஒன்றுக்கு மட்டும் பெரிய பரிசு தருவது. யார் முதலில் சொன்னது என்ற சண்டை அன்றே தொடங்கும். பிறகு யாரும் பாதி யோசனையைப் பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லிப் பார்க்க மாட்டார்கள். நடைமுறைக்கு வந்த ஒவ்வொன்றுக்கும் சிறிய, ஒரே அளவு தொகை கொடுங்கள். எத்தனை சீட்டு வந்தது என்று எண்ணுவதில் பயனில்லை. பதில் சொல்ல எத்தனை நாள் ஆனது, வந்தவற்றில் எத்தனை செய்து பார்க்கப்பட்டன என்ற இரண்டு கணக்கை மட்டும் மாதாமாதம் பாருங்கள்.

கேள்வி: ‘வேலை நேரத்தில் 20 சதவீதம் உங்கள் சொந்த யோசனைகளுக்கு’ என்று அறிவித்து ஆறு மாதம் ஆகிறது. ஒருவர்கூட எடுக்கவில்லை. எங்கே தவறு?
– மென்பொருள் நிறுவன டீம் லீடர்

பதில்: ரிலீஸ் தேதிகளை மாற்றினீர்களா? மாற்றியிருக்க மாட்டீர்கள். 100 சதவீத வேலையை 80 சதவீத நேரத்தில் முடித்துவிட்டு மிச்சத்தில் புதுமை செய் என்றால், அது வாரக் கடைசியில் வந்து வேலை பார் என்பதுதான். ஆட்களுக்கு அது நன்றாகவே புரிந்திருக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்கு இரண்டு பெயர்களை எல்லோரும் சொல்வார்கள். 3எம் நிறுவனம் பல பத்தாண்டுகளாகத் தன் விஞ்ஞானிகளுக்கு 15 சதவீத நேரம் தந்துவருகிறது. கூகுள் நிறுவனர்கள் 2004-ல் பங்கு வெளியிட்டபோது எழுதிய கடிதத்தில் 20 சதவீதம் பற்றிக் குறிப்பிட்டார்கள். இரண்டிலும் சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு இடம்விட்ட வேலைத் திட்டத்தை விட்டுவிடுகிறோம்.

ஏன் இடம்விட வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒருவரிடம் வேலைகள் முன்னறிவிப்பின்றி வந்து சேர்கின்றன என்று வையுங்கள். அவர் நேரத்தில் 80 சதவீதம் நிரம்பியிருந்தால், புதிதாக வரும் வேலை சராசரியாக நான்கு வேலை முடியும் நேரம் காத்திருக்கும். 90 சதவீதம் என்றால் ஒன்பது மடங்கு. 95 என்றால் பத்தொன்பது. காத்திருப்பைக் கணக்கிடும் வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய மாதிரி இது. நிஜத்தில் எண்கள் மாறும், ஆனால் வளைவின் போக்கு மாறாது. முழுக்க நிரம்பிய டீமில் முதலில் பின்னுக்குப் போவது தேதி குறிக்கப்படாத வேலை. புதுமைக்கு யார் தேதி குறித்தார்கள்?

ஆகவே 20-ஐ விட்டுவிட்டு 10-ல் தொடங்குங்கள். 40 மணி நேர வாரத்தில் அது 4 மணி நேரம். எல்லோருக்கும் ஒரே நாள், ஒரே அரைநாள், உதாரணமாக புதன் மதியம். அவரவர் வசதிப்படி என்று விட்டால் எடுப்பவர் குற்ற உணர்வோடு எடுப்பார், அல்லது எடுக்கவே மாட்டார். வேலைத் திட்டத்தில் அந்த 4 மணி நேரத்தை முன்கூட்டியே கழித்துவிட்டு, டெலிவரி அளவையும் அதற்கேற்பக் குறையுங்கள். கிளையன்ட் அவசரத்துக்கு ஒவ்வொரு புதனும் ஒருவர் மட்டும் காவல். அது முறைவைத்துச் சுழலட்டும். ஆறு வாரம் இதை அசைக்காமல் நடத்துங்கள். நடுவில் ஒரே ஒரு புதனை நீங்களே ரத்து செய்தாலும், மற்ற புதன்களும் ரத்தாகக்கூடியவை என்று டீம் முடிவுகட்டிவிடும்.

மாதம் ஒரு முறை, செய்ததைக் காட்ட ஆளுக்கு 5 நிமிடம் கொடுங்கள். ஓடாததையும் காட்டலாம், ஸ்லைடு மட்டும் கூடாது.

கேள்வி: 24 மணி நேர ஹேக்கத்தான் (எல்லோரும் கூடி, புது யோசனைகளை அங்கேயே செய்துகாட்டும் போட்டி) நடத்தினால் பயன் உண்டா?

பதில்: உண்டு, அடுத்த திங்கட்கிழமைக்கு ஏற்பாடு இருந்தால். வெல்லப்போகும் இரண்டு யோசனைகளையும் வளர்க்க, ஒவ்வொன்றுக்கும் ஒருவரின் இரண்டு வார நேரத்தை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, அப்புறம் ஹேக்கத்தான் தேதியை அறிவியுங்கள். அது முடியாதென்றால் அதற்கு விருந்து என்றே பெயர் வைக்கலாம், அதிலும் தவறில்லை.

கேள்வி: எங்கள் மீட்டிங்கில் நானும் இரண்டு சீனியர்களும்தான் பேசுகிறோம். இளையவர்களை எவ்வளவு கேட்டாலும் ‘ஒன்றுமில்லை சார்’தான். தனியாகப் பிடித்தால் நன்றாகப் பேசுகிறார்கள்.
– விற்பனைப் பிரிவு மேனேஜர்

பதில்: தனியாகப் பேசுகிறார்கள் என்றால் அவர்களிடம் சரக்கு இருக்கிறது. மீட்டிங் நடத்தும் முறையில்தான் கோளாறு.

எல்லோரும் சேர்ந்து சத்தமாக யோசித்தால் நிறைய வரும் என்பது பரவலான நம்பிக்கை. 1958-லேயே யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். ஒன்றாக உட்கார்ந்து பேசிய நால்வரைவிட, தனித்தனியாக எழுதிய நால்வரின் பட்டியல்களைச் சேர்த்தபோது ஏறக்குறைய இரு மடங்கு யோசனைகள் கிடைத்தன. 1987-ல் டீல், ஸ்ட்ரோப என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு முக்கியக் காரணத்தைக் கண்டார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் தங்கள் முறைக்குக் காத்திருக்கிறார்கள். காத்திருக்கும் நேரத்தில் தோன்றியது மறந்துபோகிறது, அல்லது சொல்ல வேண்டாம் என்று தோன்றிவிடுகிறது. உங்கள் மீட்டிங்கில் மேலதிகாரி இருக்கிறாரே என்ற தயக்கமும் சேர்ந்துகொள்கிறது.

அதனால் முதலில் எழுத்து, பிறகு பேச்சு. ஜெர்மனியில் பெர்ன்ட் ரோர்பாக் 1968-ல் வகுத்த 6-3-5 முறை இதற்குச் சரியாகப் பொருந்தும். 6 பேர், ஆளுக்கு ஒரு தாள். 5 நிமிடத்தில் 3 யோசனை எழுதிவிட்டுத் தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் தர வேண்டும். அவர் அதைப் படித்துவிட்டு, கீழே மேலும் 3 எழுதுவார், முந்தையதை வளர்த்தும் எழுதலாம். ஆறு சுற்று, 30 நிமிடம், 108 யோசனைகள். பாதிக்கு மேல் தேறாது. தேறுவது 10 என்றாலும் உங்களுக்கு அது லாபம்தான். தாளில் பெயர் எழுதச் சொல்லாதீர்கள். கேள்வியும் குறுகலாக இருக்கட்டும். ‘விற்பனையை எப்படிப் பெருக்கலாம்’ என்று கேட்டால் 108 பொதுமொழிகள் வரும். ‘முதல் முறை வாங்கியவர் 60 நாளுக்குள் மறுபடி வராததற்கு என்ன செய்யலாம்’ என்று கேளுங்கள்.

பிறகு வரும் பேச்சில் வயதிலும் பதவியிலும் இளையவர் முதலில், நீங்கள் கடைசியில். நீங்கள் ஒரு யோசனையைப் பாராட்டிய பிறகு அதை மறுக்க அந்த அறையில் ஆள் இருக்காது. யாராவது ஒரு கெட்ட செய்தியைச் சொன்னால், முதலில் ‘சொன்னது நல்லது, வேறு என்ன தெரியும்?’ என்று கேளுங்கள். காரணம் யார் என்பதைப் பிறகு விசாரிக்கலாம். ஏமி எட்மன்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களைப் பார்த்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே தவறு அதிகம் நடந்தது என்பதைவிட, நடந்ததை மறைக்காமல் சொன்னார்கள் என்ற விளக்கம்தான் பொருந்தியது. உங்கள் பிரிவில் ஒரு புகாரும் வரவில்லை என்றால் அதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ‘பெரிதாக யோசி, பத்து மடங்கு இலக்கு வை’ என்கிறார் எங்கள் தலைமை அதிகாரி. இலக்கில் 70 சதவீதம் எட்டினால் ஊக்கத்தொகை பாதியாகிறது. சென்ற ஆண்டு பெரிதாக வைத்தவர்கள் எல்லோரும் இந்த ஆண்டு சின்னதாகவே வைத்திருக்கிறோம்.

பதில்: புத்திசாலித்தனமாகத்தான் செய்திருக்கிறீர்கள். உங்கள் தலைமை அதிகாரி ஒரே எண்ணிடம் இரண்டு வேலை கேட்கிறார். அது கனவாகவும் இருக்க வேண்டும், கடனாகவும் இருக்க வேண்டும்.

இன்டெலில் ஆண்டி குரோவ் உருவாக்கி, 1999-ல் முதலீட்டாளர் ஜான் டோர் மூலம் கூகுளுக்குப் போன ஓகேஆர் (இலக்கும், அதை அளக்கும் முக்கிய முடிவுகளும்) முறையில் இவற்றைப் பிரித்தே வைக்கிறார்கள். கண்டிப்பாக முடிக்க வேண்டிய இலக்குக்கு எதிர்பார்ப்பு 1.0, அதாவது முழு மதிப்பெண். எட்டிப் பிடிக்கும் இலக்குக்கு 0.7 வந்தாலே நல்ல மதிப்பெண். தொடர்ந்து 1.0 வந்தால் இலக்கு சுலபமாக வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

அலுவலகத்தில் இதைக் கேட்டுப் பெற வேண்டுமானால் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ஒரு காலாண்டில் டீமுக்கு மூன்று இலக்குகள். இரண்டு கட்டாய இலக்குகள், ஊக்கத்தொகை அவற்றுக்கு மட்டும். மூன்றாவது பெரிய இலக்கு, அதற்குப் பணக் கணக்கு கிடையாது. அப்ரைசலில் அதைப் பற்றி, என்ன முயன்றீர்கள், எதைக் கற்றீர்கள், அடுத்து யாருக்கு அது பயன்படும் என்று மூன்று கேள்வி மட்டும். பெரிய இலக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். மூன்று வைத்தால் மூன்றும் காலாண்டின் கடைசி வாரத்தில்தான் நினைவுக்கு வரும். ‘பத்து மடங்கு’ என்ற எண்ணோடு, எந்த வழக்கமான முறையைக் கைவிட அனுமதி என்பதையும் எழுதி வாங்குங்கள். அது இல்லாத பத்து மடங்கு, அதே வேலையைப் பத்து மடங்கு செய்யச் சொல்வதாகவே முடியும். அழுத்தம் மிஞ்சினால் எண்ணைச் சரிக்கட்டவும் ஆட்கள் கிளம்புவார்கள்.

கேள்வி: எதைச் சொன்னாலும் ‘அதெல்லாம் அப்போதே செய்து பார்த்துவிட்டோம்’ என்கிறார் எங்கள் மேனேஜர். எப்படிப் பேசுவது?
– ஊழியர்

பதில்: வாதாடாமல், ‘எப்போது சார், எதனால் நின்றது?’ என்று கேளுங்கள், குத்தலாக இல்லாமல். பாதி நேரம் உண்மையாகவே உங்களுக்குத் தெரியாத காரணம் ஒன்று இருக்கும். மீதி நேரம் அந்தக் காரணம் இன்று இல்லாமல் போயிருக்கும். விலை குறைந்திருக்கலாம், மென்பொருள் மாறியிருக்கலாம், எதிர்த்தவர் வேறு பிரிவுக்குப் போயிருக்கலாம். அதை ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்.

திட்டத்துக்கு ஒப்புதல் கேட்காதீர்கள், வெள்ளோட்டத்துக்குக் கேளுங்கள். எத்தனை நாள், யார் யார், எவ்வளவு செலவு, சரிப்படவில்லை என்றால் ஒரே நாளில் பழையபடிக்கு எப்படித் திரும்புவது. இந்தக் கடைசி வரிதான் மேனேஜருக்குத் தைரியம் தரும். அமேசானின் ஜெஃப் பெசோஸ் 2015-ம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில் முடிவுகளை, ஒருவழிக் கதவு, இருவழிக் கதவு என்று பிரித்தார். திரும்பி வர முடிகிற முடிவுக்கும், வர முடியாத முடிவுக்கு ஆகும் அளவு யோசனையைச் செலவழிப்பதால்தான் வளர்ந்த நிறுவனங்கள் மெதுவாகின்றன என்பது அவர் வாதம். உங்கள் யோசனை இருவழிக் கதவு என்று காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கேள்வி: புதுமைக்கென்று தனிப் பிரிவு அமைத்து, அலுவலகத்துக்கு வெளியே இடம் பார்க்கலாமா?

பதில்: வேலை பெரிதாக, தெளிவாக, அவசரமாக இருந்தால் சரி. 1943-ல் லாக்ஹீட் நிறுவனத்தில் கெல்லி ஜான்சன் தலைமையில் ஒதுங்கி வேலை செய்த சிறு குழு, 143 நாளில் ஒரு ஜெட் போர்விமானத்தின் முன்மாதிரியைச் செய்தது. ‘எதையாவது புதிதாகக் கண்டுபிடியுங்கள்’ என்று தனி இடம் கொடுத்தால் ஆண்டுக்கு ஒரு கண்காட்சி கிடைக்கும்.

கண்டுபிடிப்பதைவிடக் கைமாற்றுவதுதான் கடினம். கோடாக் நிறுவனத்துக்குள்ளேயே 1975-ல் ஸ்டீவன் சாசன் டிஜிட்டல் கேமரா ஒன்றைச் செய்துவிட்டார். அதை வளர்க்க வேண்டிய நிறுவனத்தின் வருமானமோ ஃபிலிமிலிருந்து வந்தது. தனிப் பிரிவு அமைத்தால், அது செய்து முடிப்பதை வாங்கிக்கொள்ளப்போகும் பிரிவிலிருந்து ஒருவரை முதல் நாளிலிருந்தே அதில் உட்கார வையுங்கள். வாரத்தில் ஒரு நாள் போதும்.

கேள்வி: ஒரு சோதனைத் திட்டம் எட்டு மாதமாக ஓடுகிறது. நடக்கிறது என்றும் சொல்ல முடியவில்லை, நடக்கவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. நிறுத்தினால் அதில் இருக்கும் நால்வர் மனம் உடைந்துவிடும். என்ன செய்ய?
– செயல்பாட்டுப் பிரிவு மேனேஜர்

பதில்: எந்த நிலையில் நிறுத்துவது என்று தொடங்கும்போதே எழுதாததன் விளைவு இது. இப்போதாவது எழுதுங்கள். இன்றிலிருந்து ஆறு வாரம், ஓர் எண், ஒரு செலவு வரம்பு. எண்ணை அந்த நால்வரே சொல்லட்டும். ‘இதை எட்டாவிட்டால் நாங்களே நிறுத்தச் சொல்வோம்’ என்று அவர்கள் கையெழுத்திட்ட எண்ணாக இருந்தால் பின்னால் பேச்சு வராது.

கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் எக்ஸ் ஆய்வுக்கூடம் கடல்நீரிலிருந்து எரிபொருள் எடுக்கும் ஃபாக்ஹார்ன் திட்டத்தை 2016-ல் நிறுத்தியது. தொழில்நுட்பம் ஓடியது. ஆனால் பெட்ரோலோடு போட்டிபோட ஒரு கேலன் 5 டாலர் அளவுக்கு வர வேண்டும் என்று முன்பே வைத்திருந்த விலை, கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. கண்டதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டுவிட்டுக் குழு வேறு வேலைக்குப் போனது.

ஆனால் எண் மட்டும் பார்த்து அவசரப்படவும் கூடாது, அளந்தது சரியானதா என்று ஒரு தடவை பாருங்கள். 3எம்-இன் ஸ்பென்சர் சில்வர் 1968-ல் எளிதில் உரிந்துவரும் பசையைக் கண்டார். 1974-ல் அங்கேயே வேலை செய்த ஆர்ட் ஃப்ரை அதற்கு ஒரு பயன் கண்டார்: ஒட்டி, உரித்து எடுக்கக்கூடிய குறிப்புத் தாள், இன்றைய ‘போஸ்ட்-இட்’. 1977-ல் நான்கு நகரங்களில் அந்த ஒட்டுத்தாளை விற்றுப் பார்த்தபோது பெரிதாக ஓடவில்லை. அடுத்த ஆண்டு பாய்சி நகரில் விற்காமல் இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பயன்படுத்தியவர்கள் மறுபடி கேட்டார்கள். 1980-ல் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது. முதல் சோதனை அளந்தது, தெரியாத பொருளைக் காசு கொடுத்து வாங்குவார்களா என்பதை. இரண்டாவது சோதனை அளந்தது, கைக்கு வந்தபின் விடுவார்களா என்பதை. உங்கள் எட்டு மாதத்தில் அளந்தது இதில் எது?

அளந்தது சரிதான், எண் வரவில்லை என்றால் நிறுத்துங்கள். நிறுத்தும்போது ஒரு பக்கக் குறிப்பு எழுதவையுங்கள்: என்ன நம்பித் தொடங்கினோம், என்ன தெரிந்தது, எந்த நிலைமை மாறினால் இதை மறுபடி எடுக்கலாம். எழுத அந்த நால்வருக்கே இரண்டு நாள் கொடுங்கள், அவர்களே எல்லோர் முன்னாலும் படிக்கட்டும். அதற்கு முன்பே நால்வருக்கும் அடுத்த வேலை முடிவாகியிருக்க வேண்டும். அது முன்பு இருந்ததைவிடக் கீழான இடமாக இருக்கக் கூடாது. மற்றவர்கள் அந்தக் குறிப்பைப் படிக்கிறார்களோ இல்லையோ, அந்த நால்வர் எங்கே போடப்பட்டார்கள் என்பதை நிச்சயம் பார்ப்பார்கள்.